சிறைக்கோட்டமும் புழுக்கறையும்: மணிமேகலையிற் சிறை பற்றிய ஒரு மறுநோக்கு

மணிமேகலையின் பத்தொன்பதாவது காதை 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' எனப் பெயர் பெறுவது. தமிழரிடையே சிறைச் சீர்திருத்தச் சிந்தனை இருந்ததா என்ற வினா எழும்போதெல்லாம் இக்காதையே விடையாகக் காட்டப்படுகின்றது. ஆங்கிலச் சிறைகளின் அவலத்தை ஜோன் ஹவாட் 1777ஆம் ஆண்டு நூலாக்கி வெளியிடுவதற்குப் பன்னூற்றாண்டுகளுக்கு முன்னரே, சீத்தலைச் சாத்தனார் சிறையை ஒழித்து அறச்சாலை அமைக்கக் கனவு கண்டார் என்பது மேடைகளிலும் மலர்க்கட்டுரைகளிலும் நாம் பலமுறை கேட்ட கூற்று. கூற்று முற்றும் பொய்யன்று. ஆயின் காதையின் தலைப்பைப் படித்த அளவுக்குக் காதையையும், அதனைத் தொடர்ந்து வரும் காதைகளையும் நாம் படித்திருக்கின்றோமா என்பது ஐயத்துக்குரியது. தலைப்பின் ஒளியில் மறைந்துபோன சில செய்திகளை வெளிக்கொணர்வதே ஈண்டு நோக்கமாகும்.

முதலிற் காதை கூறுவதைச் சுருங்கக் காண்போம். தன்னைப் பின்தொடரும் உதயகுமரனிடமிருந்து தப்பும் பொருட்டு மணிமேகலை காயசண்டிகையின் வடிவங் கொள்கின்றாள். அவ்வடிவுடனே அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்துச் சிறையினுட் புகுகின்றாள். அங்குப் பசியால் வருந்துவோர்க்கு, வாங்குங் கை நோகுமளவும் நின்று உணவூட்டுகின்றாள். ஒரே பாத்திரம் இத்தனை பேருக்கு அன்னம் சுரப்பதைக் கண்ட சிறைக்காவலர் வியப்புற்று அரசனிடம் ஓடுகின்றனர். அரசன் அவளை அழைத்து, யார் நீ, இப்பாத்திரம் எங்ஙனம் வந்தது என வினவுகின்றான். அவள் விடையிற் களித்து, யான் செய்யத்தக்கது யாது எனவுங் கேட்கின்றான். சிறையை நீக்கி அருளுடைய அறவோர் வாழும் இடமாக்குக என்பது அவள் வேண்டுகோள். அரசன் அவ்வாறே செய்கின்றான்.

இக்காதையிற் கைதிகள் எத்தனை அடிகளுக்கு உரியவர் என எண்ணிப் பார்ப்பது பயனுடையது. ஓரிரு அடிகளில் அவர்கள் வந்து போய்விடுகின்றனர். காவலர் அரசனைத் தேடிச் சென்றடையும் பூம்பொழிலோ பல பத்து அடிகளுக்கு விரிகின்றது. மயில்கள் ஆடுகின்றன, மந்தியைக் கடுவன் ஊசலில் வைத்து ஆட்டுகின்றது, அதைக் கண்டு அரசன் நகைக்கின்றான். மகத நாட்டு வினைஞரும் மராட்டக் கம்மியரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்நாட்டுக் கைவினைஞருடன் கூடி அமைத்த மண்டபமொன்று இங்கேதான் வருணிக்கப்படுகின்றது. பண்டைத் தமிழகத்தின் வெளிநாட்டுத் தொடர்புகளை எழுதிய வரலாற்றாசிரியர்கள் இப்பகுதியை விருப்புடன் எடுத்தாண்டுள்ளனர். அம்மண்டபத்துக்குப் பசித்த கைதிகளின் செய்தியுடன் காவலர் வந்து நிற்கும் காட்சியை அவர்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பொழிலையும் சிறையையும் ஒரே காதையில் அடுத்தடுத்து வைத்த புலவனுக்கு அவற்றின் முரண் தெரிந்தே இருந்திருக்கும் என்பதே எமது எண்ணம்.

காவலர் அரசனிடம் கூறுவது யாது என்பதும் நோக்கற்பாலது. சிறையிற் பசி இருந்தது என அவர்கள் கூறவில்லை. நகரில் ஆனைத்தீ நோயுடன் திரிந்த புதியவள் ஒருத்தி ஓர் ஓட்டிலிருந்து எண்ணிறந்தோர்க்கு உணவளித்தாள் என்பதே அவர்கள் கொணர்ந்த செய்தி. பசி அவர்களுக்கு நாளாந்த நிகழ்ச்சி. அரசன் செவிக்குக் கொண்டு செல்லத்தக்க ஒன்றன்று. அற்புதம் நிகழ்ந்தபின்பே சிறை அரசனின் கவனத்துக்கு வருகின்றது. சிறைகள் பற்றிய விசாரணைகள் எக்காலத்தும் எங்ஙனம் தொடங்குகின்றன என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

இவ்விடத்துச் சாத்தனாரின் பெருமை ஒன்றை மறவாது கூறுதல் வேண்டும். சிறையிலிருந்தோர் கள்வரா, கொலைஞரா, இறை செலுத்தாதவரா என்ற வினாவை அவர் எழுப்பவேயில்லை. அவர்கள் பசியுற்ற உயிர்கள், அவ்வளவே. மணிமேகலையும் குற்றம் கேட்டு உணவிடவில்லை. பசியைப் பிணி எனக் கொண்டு, உணவு கொடுத்தோரை உயிர் கொடுத்தோராகக் கருதும் காப்பியத்தின் கோட்பாடு சிறைவாயிலில் வந்து நின்றுவிடவில்லை. தண்டனை பெற்றவனும் உண்ணும் உரிமை உடையவன் என்ற கருத்துக்குத் தமிழ் இலக்கியத்தில் இதனினும் தெளிந்த சான்று இன்மை எண்ணத்தக்கது.

ஆயினும் சிறை ஒழிந்தபின் கைதிகள் என்னாயினர்? அடுத்த காதையின் தொடக்கத்திற் சாத்தனார் அக்கட்டடத்தின் பிற்கால நிலையை விரித்துரைக்கின்றார். புத்தனுக்குக் கோயில், அறவோர்க்குப் பள்ளி, சமைக்கும் சாலை, உண்ணும் சாலை என அது மாறிவிட்டது. நரகம் போன்றிருந்த அக்கொடுஞ்சிறை இவ்வாறு மாறியமைக்கு உவமை ஒன்றுங் கூறுகின்றார். தீய பிறப்பில் உழன்றோர் தம் வினைப்பயனால் நற்பிறப்பு எய்தினாற் போன்றது என்பது அவ்வுவமை. பௌத்தக் காப்பியத்துக்கு மிகப் பொருந்திய உவமைதான். ஆனால் அது யாருக்குக் கூறப்பட்டது? உழன்றவர் மனிதர், மறுபிறப்பெய்தியது கட்டடம். சிறையிலிருந்து வெளிவந்த ஒருவன் எங்கு சென்றான், அவனை ஊர் ஏற்றதா, அவன் கை எத்தொழிலைப் பற்றியது என்பவற்றுள் ஒன்றேனும் காப்பியத்தில் இல்லை. சிறைச் சீர்திருத்தம் என நாம் இன்று கூறுவதன் பாதிப் பொருள், விடுதலைக்குப் பிந்திய வாழ்வைப் பற்றியது. அப்பாதி இங்கு வெறுமையாக உள்ளது.

சிறை திறத்தல் மணிமேகலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் வார்த்திகன் என்னும் பார்ப்பான் கதை வருகின்றது. அவன் மைந்தன் அணிந்திருந்த அணிகளைக் கண்டு அழுக்காறு கொண்ட அரச ஊழியர், புதையலைக் கவர்ந்தான் எனக் குற்றஞ் சாட்டி வார்த்திகனைச் சிறையிட்டனர். விசாரணை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அவன் மனைவி அழுது புரண்டாள். ஐயை கோயிற் கதவு திறவாமல் நின்றது. அதன் பின்பே பாண்டியன் காரணம் தேடினான்; தவறு கண்டு அவனை விடுவித்தான்; ஊர்களும் வழங்கினான். அதனோடு அமையாது நாட்டிலுள்ள சிறைகளையெல்லாம் திறக்கவும், இறை கடன்பட்டோரை விடுவிக்கவும் பறையறைவித்தான். வஞ்சிக் காண்டத்திற் சேரன் செங்குட்டுவனும் ஆரிய அரசரைச் சிறையினின்றும் விடுவித்து, இத்தகைய ஆணையொன்று பிறப்பிக்கின்றான். சிறை திறத்தலும் வரி தவிர்த்தலும் ஒரே ஆணையில் இணைந்து வருவதைக் கொண்டு, சிறையிலிருந்தோரிற் பலர் இறை செலுத்த இயலாத எளியோராக இருத்தல் கூடும் என ஊகிக்கலாம். இது ஊகமே, ஆயினும் சிறையின் வர்க்கச் சார்பை ஆராய விரும்புவோர்க்கு இங்கு ஒரு வாயில் உண்டு.

இரு காப்பியங்களும் சிறை நீக்கத்தைக் குறிக்கச் 'சீத்தல்' என்னும் வினையடியைக் கையாள்வது கவனிக்கத்தக்கது. துடைத்தல், தூய்மை செய்தல் என்பன அதன் பொருள். அரசன் மகிழ்ந்தால் அல்லது அஞ்சினால் சிறை துடைக்கப்படும். துடைத்த இடத்தில் மறுநாளே தூசு படியத் தொடங்கும் என்பதையும் அச்சொல் தன்னுள் அடக்கியுள்ளது போலும்.

இவற்றிலெல்லாம் கைதி பேசுவதில்லை. அவனுக்காக மனைவி அழுகின்றாள், தெய்வம் கதவடைக்கின்றது, துறவி வேண்டுகின்றாள். கைதியே பேசும் பழம்பாடல் எனப் புறநானூற்றின் 74ஆம் பாடலைச் சுட்டலாம். சோழன் செங்கணானாற் சிறைப்பட்டுக் குடவாயிற் கோட்டத்திற் கிடந்த சேரமான் கணைக்காலிரும்பொறை, நீர் கேட்டும் உரிய வேளையிற் கொடுக்கப்படாமையால், பின்னர் வந்த நீரைப் பருகாது உயிர் நீத்தபோது பாடியது என அடிக்குறிப்புக் கூறும். சங்கிலியாற் பிணிக்கப்பட்ட நாய் போலத் தன்னை வைத்து வருத்தியவரிடமே நீரை இரந்து பெற நேர்ந்த இழிவை அவன் பாடுகின்றான். அவன் அரசன், ஆகவே அவன் தாகம் மானத்தின் கதையாகிப் பாடலில் நின்றுவிட்டது. அதே கோட்டத்தில் அவனைப் போன்றே நீருக்குக் காத்திருந்த பெயரற்றோர் இருந்திருப்பரா என நாம் கேட்பதில்லை. மானத்துக்கு எடுத்துக்காட்டாக இப்பாடலைப் பயிற்றும் ஆசிரியர், காவலிலுள்ளவனுக்குக் குடிநீர் மறுத்தல் ஒரு கொடுமை என்ற எளிய செய்தியைக் கடந்துவிடுகின்றார்.

இனி மணிமேகலைக்கே மீள்வோம். எமது கருத்தில், சிறை பற்றி இக்காப்பியம் கூறும் மிக முக்கியமான செய்தி பத்தொன்பதாவது காதையில் இல்லை. இருபத்திரண்டாவதாகிய சிறைசெய் காதையிலும், அடுத்து வரும் சிறைவிடு காதையிலும் உள்ளது. சிறையை அறக்கோட்டமாக்கியவளே சிறைப்படுகின்றாள்.

நிகழ்ச்சி இது. மணிமேகலையைத் தன் மனைவி காயசண்டிகை எனக் கருதிய விஞ்சையனாகிய காஞ்சனன், அவளைத் தொடர்ந்து வந்த உதயகுமரனை வாளால் வெட்டிவிட்டுத் தன் நகருக்குச் சென்றுவிடுகின்றான். முனிவர் வழியாக அரசன் செய்தி அறிகின்றான். தன் மகனின் செயல் தண்டனைக்குரியது என்பதை அவன் ஒப்புக்கொள்கின்றான். தான் செய்திருக்க வேண்டியதை விஞ்சையன் செய்துவிட்டான் என்பதே அவன் குறை. தவத்தோர் நோன்பும் மகளிர் கற்பும் அரசன் காவலின்றி நிலைபெறா என்ற உயர்ந்த நெறியையும் அவன் பேசுகின்றான். பேசிமுடித்த அதே வாயால், கணிகையின் மகளையும் காவலில் வைக்குமாறு ஆணையிடுகின்றான்.

குற்றம் செய்தவன் போய்விட்டான். குற்றமற்றவள் என்று அறியப்பட்டவள் காவலில் வைக்கப்படுகின்றாள். அவள்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது, எத்துணைக் காலம் காவல், யார் முன் அவள் முறையிடலாம் என்பவற்றுக்கு நூலில் விடையில்லை, கேட்போரும் இல்லை. இன்றைய சட்டமொழியில் இதனைத் தடுப்புக்காவல் என்போம். சிறையை நீக்கிய அரசனுக்குச் சிறையிடும் அதிகாரம் சிறிதும் குறையவில்லை. அவன் நீக்கியது ஒரு கட்டடத்தை மட்டுமே.

சிறைவிடு காதை இதனினும் கொடியது. மகனை இழந்த அரசமாதேவி, மணிமேகலைக்குச் சிறை தகாது என அரசனிடம் நயந்து பேசி, அவளைத் தன் மனைக்கு அழைத்துச் செல்கின்றாள். வெளித்தோற்றத்தில் இது விடுதலை. காதையின் பெயரும் அவ்வாறே கூறுகின்றது. உண்மையில் அரசனது காவலிலிருந்து எவர் கண்ணும் படாத தனிக்காவலுக்கு அவள் மாற்றப்படுகின்றாள். அங்கு நிகழ்வனவற்றைச் சாத்தனார் வரிசைப்படுத்துகின்றார். முதலில் அறிவை மயக்கும் மருந்து ஊட்டப்படுகின்றது. அது பலியாமற் போகவே, கல்லாத இளைஞன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து, அவளைக் கெடுத்து அதனைப் பிறரறியக் கூறுமாறு ஏவுகின்றாள். மூன்றாவதாக, அவள் நோயுற்றாள், உணவு கொள்ளாள் எனப் பொய்ந்நோய் கற்பித்துக் காற்றில்லாத புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுகின்றாள்.

போதை மருந்து, பாலியல் வன்முறை, வெம்மையும் இருளுமான தனியறை, உணவு மறுப்பு, இவற்றுக்கெல்லாம் மேலாக நோய் என்ற பொய்க் காரணம்: காவலில் இருப்போர்க்கு இழைக்கப்படும் கொடுமைகளின் பட்டியலை இக்காலத்தில் ஒருவர் தயாரிப்பின் இவற்றுள் எதனை விடுவார்? இறுதியிற் கூறிய பொய்ந்நோய் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. காவலில் ஒருவர் இறந்தபின் எழுதப்படும் காரணங்களை நாளிதழ்களிற் படித்துப் பழகிய தலைமுறையினர் நாம்.

மணிமேகலை இவற்றினின்றும் எங்ஙனம் தப்பினாள்? பழம்பிறப்பு உணர்ந்தவளாதலின் மருந்து அவளை மயக்கவில்லை. வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தால் ஆணுருக் கொண்டாள். இளைஞன் அஞ்சி ஓடினான். பசி நீக்கும் மந்திரம் புழுக்கறையில் அவள் உயிரைக் காத்தது. மந்திரம் மூன்றும் மணிமேகலா தெய்வம் மணிபல்லவத்தில் அருளியவை. (மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்வோர் நம்மிடையே உளர், அவ்விவாதம் ஈண்டு வேண்டுவதன்று.) தேவி வியந்து, நடுங்கி, மன்னிப்பு வேண்டினாள். மணிமேகலை அவளுக்கு அறமுரைத்தாள்.

காப்பிய மரபுக்கு இம்முடிவு இயல்பானது. ஆயின் திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா வேறு. மந்திரம் அறியாத ஒருத்தி அப்புழுக்கறையில் இருந்திருப்பின் நிகழ்ந்திருப்பது யாது? சாத்தனார் இதனைக் கேட்கவில்லை. ஆனால் கேட்பதற்கு வேண்டிய அனைத்தையும் தந்துவிட்டார். அறத்தை ஆள்வோர் நெஞ்சில் மட்டும் வைக்கும் சமூகத்தில், அந்நெஞ்சு மாறும்போது காவலிலிருப்போர்க்கு மந்திரத்தைத் தவிர வேறு காப்பில்லை என்பதை அவர் கதைப்போக்கே காட்டிவிடுகின்றது. பத்தொன்பதாவது காதையை மட்டும் எடுத்து ஓதுவோர், நூலாசிரியர் தாமே அதற்கு எழுதிய மறுப்பை விட்டுவிடுகின்றனர்.

மந்திரம் இல்லாத கைதியின் குரல் தமிழிற் கேட்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். அவ்வகையில் வ. உ. சிதம்பரம்பிள்ளையின் சுயசரிதை முதன்மை பெறுவது. 1908இற் கைதாகி, இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்று, மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டபின் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912இன் இறுதியில் அவர் விடுதலையானார். கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த செய்தியை அறியாதார் இலர். அச்செக்கு இன்று நினைவுச் சின்னமாகப் பேணப்படுகின்றது. அகவல் யாப்பில் அவர் எழுதிய சுயசரிதையை முழுவதும் படித்தோர் தொகை அத்துணை பெரிதன்று. நூலின் நடையில் ஒரு வரட்சி உண்டு. கவிதை என்ற வகையில் அதைப் பாராட்டுவது எளிதன்று. ஆனால் சிறையின் உணவு, உடை, வேலை, காவலரின் அதட்டல், உடன்கைதிகளின் உதவியும் சூழ்ச்சியும் என அன்றாடச் செய்திகள் யாப்புக்குள் வந்து குவிகின்றன. பொழில் வருணனைக்குப் பல பத்து அடிகளையும் கைதிகளுக்கு ஓரிரு அடிகளையும் ஒதுக்கிய மரபு இங்குத் தலைகீழாகின்றது. வருணிக்கத்தக்கது எது என்பதைப் பற்றிய இம்மாற்றமே அந்நூலின் இலக்கிய முக்கியத்துவம். நாம் செக்கைக் காத்துக்கொண்டு நூலை விட்டுவிட்டோம்.

நம் நாட்டுச் சிறைகளின் வரலாற்றில் இவ்வினாக்கள் ஏட்டளவினவல்ல. 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சியில் எழுந்தது. அவ்வாட்சி நீங்கிப் பல பதிற்றாண்டுகள் கழிந்த பின்னும் அதுவே சிறை நிருவாகத்தின் அடிப்படையாக நின்றது. கசையடித் தண்டனை சட்டத்திலிருந்து நீங்கியது 2005ஆம் ஆண்டிலேதான். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சர் ஆணையின்பேரில் ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது; 2022இன் திருத்தம் அதனைப் பன்னிரண்டு மாதங்களாக்கியது. வார்த்திகன் கதையில் ஐயை கோயிற் கதவு அடைபட்டதுபோல் எக்கதவும் இக்காலத்தில் அடைபடுவதில்லை.

1983 யூலை 25ஆம் நாளும் 27ஆம் நாளும் வெலிக்கடைச் சிறையினுள் தமிழ்க் கைதிகள் ஐம்பத்து மூவர் கொல்லப்பட்டனர். முதல்நாள் 35 பேர். ஒருநாள் இடைவெளிக்குப் பின் 18 பேர். அந்த ஒருநாள் இடைவெளியே வரலாற்றாசிரியனை உறுத்த வேண்டியது. அரசின் முழுக் காவலில் இருந்தவர்கள் அவர்கள். அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 2012 நவம்பரில் அதே சிறையில் 27 கைதிகள் மாண்டனர். அதன் தொடர்பில் முன்னாள் சிறைச்சாலைகள் ஆணையாளர் ஒருவருக்கு 2022 சனவரியிற் கொழும்பு மேல்நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 2020 நவம்பரில் மகர சிறையிற் கலவரத்தின்போது 11 பேர் உயிரிழந்தனர். இப்பிந்திய நிகழ்ச்சிகளில் மாண்டோர் இனத்தாலன்றிச் சிறைப்பட்ட நிலையாலேயே ஒன்றுபட்டவர்கள் என்பதையும் குறித்தல் நேர்மையாகும். மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வு, இடநெருக்கடியாற் கைதிகள் முறைவைத்து உறங்கும் நிலையைப் பதிவுசெய்தது. நெருக்கடியின் பெரும்பங்கு தண்டனை பெறாத விளக்கமறியற் கைதிகளால் ஏற்படுவது என்பது பலரும் அறிந்தது.

உலகளவில் ஏற்கப்பட்ட நெறிகள் இல்லாமலில்லை. 1955இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்டு, 2015இல் திருத்தப்பெற்று, இருபத்தேழு ஆண்டுகள் சிறையிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்கும் ஐக்கிய நாடுகளின் விதிகள் 122. அவற்றுள் 43ஆம் விதி, இருட்டறையில் அடைத்தலையும், உடலை வருத்தும் தண்டனையையும், உணவையோ குடிநீரையோ குறைத்தலையும் தண்டனையாகக் கையாளக் கூடாது என விலக்குகின்றது. பதினைந்து நாட்களுக்கு மேற்பட்ட தனிமைச் சிறையும் விலக்கப்பட்டுள்ளது. உணவு என்னுமிடத்து மணிமேகலையின் புழுக்கறையும், குடிநீர் என்னுமிடத்துக் குடவாயிற் கோட்டமும் தமிழ் படித்தவனுக்கு நினைவு வருதல் இயல்பு. விதிகளை ஏட்டில் ஏற்ற அரசுகள் பல; அவற்றை மீறியவனை வினவும் அதிகாரம் சிறைக்கு வெளியே சுதந்திரமான ஓர் அமைப்பிடம் இருந்தாலன்றி அவ்விதிகள் மன்னனின் மகிழ்ச்சி ஆணைகளினும் வலியனவாகா.

சாத்தனாரின் அருளுள்ளத்தைக் குறைத்து மதிப்பது எம் நோக்கமன்று. பசித்த கைதிமுன் நின்று அவன் குற்றம் யாது என்று கேளாத ஒரு பெண்ணைப் படைத்தவர் அவர். ஆனால் அப்பெண்ணை அதே அரசு காவலில் இட்டு வருத்தியது என்பதையும் அவரே எழுதினார். இவ்விரு பகுதிகளும் ஒருங்கு வைத்துப் பயிற்றப்படல் வேண்டும். நூலின் முடிவு வரை தேடினும், சிறைக்கோட்டத்துக்கு நேர்ந்த மாற்றம் விரிவாகக் கிடைக்கின்றதேயன்றி, அரண்மனையுள் இருந்த அப்புழுக்கறை இடிக்கப்பட்டதாகவோ திறந்து விடப்பட்டதாகவோ ஒரு குறிப்பும் இல்லை.